சேலம் ஏரியா – 17: லண்டன் போகாத கணேஷ்

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அந்தத் தருமபுரியே 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். ஆனால் ஒரு சினிமா விநியோகஸ்தரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், அவருக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்னும் 'சேலம் ஏரியா'தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்குக்கும் சேர்த்து ஒரே வியாபாரம். கலெக்டர் ஆபீஸ் இரண்டு தடவை இடம் மாறியும் படப்பெட்டி பழைய ஜில்லாவை விட்டு நகரவில்லை. இந்தத் தொடருக்கு இந்தப் பெயர் வைத்தது அதனால்தான் என்று முதல் வாரமே சொன்னேன். இந்த வாரக் கதைக்கு அது மறுபடி தேவைப்படுகிறது.

சென்ற வாரம் டூரிங் டாக்கீஸ். இந்த வாரம் ஒரு சண்டை.

1979. எனக்கு ஒன்பது வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்த என் தாய்மாமா, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஐம்பது கிலோமீட்டர் தாண்டி கிருஷ்ணகிரிக்கு வருவார். கையில் ஒரு குமுதம் கட்டாயம் இருக்கும். அதில் வரும் தொடர்கதைப் பக்கங்களைப் பக்குவமாகக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு ஒட்டி வைப்பார். அப்படி அவர் பைண்டு செய்து வைத்திருந்த புத்தகங்களில் ஒன்று சுஜாதாவின் 'ப்ரியா'. படம் எங்கள் ஊருக்கு வந்ததும் குடும்பத்தோடு இரண்டாம் ஆட்டம் போனோம். திரும்பி வரும்போது நடு ரோட்டில் மாமாவும் அத்தையும் சண்டை.

"இவனா கணேஷ்? ஒரு சட்டப் புத்தகத்தையாவது தொட்டானா? கதை நடந்தது லண்டன்ல. இவன் சிங்கப்பூர்ல டூயட் பாடிட்டிருக்கான்."

"ஏங்க, பாட்டு நல்லாயிருந்துச்சா இல்லியா? அத்தோட விடுங்க. லண்டனை நீங்க பார்த்தீங்களா, நான் பார்த்தேனா?"

அத்தைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம். குமுதம் அவருக்கு அட்டைப்படம் பார்க்கிற சமாச்சாரம். கணேஷ் என்ற வக்கீலை அவர் முதன்முதலாகச் சந்தித்தது வெள்ளித்திரையில், ரஜினிகாந்த் உருவத்தில். மாமாவுக்கோ அந்த ஆளை வருஷக்கணக்காகத் தெரியும். ஒரே பெயருடைய இரண்டு பேரைப் பற்றி இருவரும் விடிய விடியச் சண்டை போட்டார்கள். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க, படித்தவருக்கும் பார்த்தவருக்கும் நடந்த சண்டையே இது. எல்லையோரத்தில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் காரம் இருந்தது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துப்பறியும் நாவலைப் படமாக்குவது சேலம் ஜில்லாவுக்குப் புதிதில்லை. ஏற்காடு அடிவாரத்தில் டி.ஆர். சுந்தரம் கட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-லேயே 'திகம்பர சாமியார்' எடுத்துவிட்டது. மூலக்கதை வடுவூர் துரைசாமி ஐயங்காருடையது. ஐயங்கார் ஆங்கிலத்து ரெயினால்ட்ஸ் நாவல்களிலிருந்து தாராளமாக எடுத்துக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் குடியேற்றியவர். எடுத்ததை அவ்வளவு அழகாக ஊராக்கினார் என்பதால் யாரும் வருத்தப்படவில்லை. படத்தில் துப்பறியும் சாமியார் எம்.என். நம்பியார். பிற்காலத்தில் கையைப் பிசைந்துகொண்டு முறைக்கிற வில்லனாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள். அதில் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுக் குற்றவாளியை மடக்குகிற நாயகன் அவர்தான். படத்தின் கவர்ச்சியே அந்த வேஷங்கள். துப்பறிவாளனின் மூளையைத் திரையில் காட்டுவது கஷ்டம், மீசையை ஒட்டிக் காட்டுவது சுலபம் என்பதைத் தமிழ் சினிமா அன்றே கண்டுபிடித்துவிட்டது.

1963-ல் சுந்தரம் காலமானார். ஸ்டுடியோ மகன் ராமசுந்தரம் கைக்கு வந்தது. அதே 1963-ல் பிரான்சில் ஒரு கார் விபத்தில் இன்னொருவர் இறந்துபோனார், ழான் ப்ரூஸ் என்ற எழுத்தாளர். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் மூன்றே வருஷத்தில் பிரெஞ்சுக்காரரின் சரக்கு சேலத்துக்கு வந்து இறங்கிவிட்டது.

ழான் ப்ரூஸ் மலிவு விலை நாவல்களை மளமளவென்று எழுதித் தள்ளியவர். நம் ராஜேஷ்குமாரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த வேகம். அவருடைய உளவாளி ஓ.எஸ்.எஸ். 117. இந்த ஆள் அச்சில் வந்தது 1949-ல். ஜேம்ஸ்பாண்ட் பிறந்தது 1953-ல். பாண்டைப் பார்த்துக் காப்பியடித்த கதை என்று யாராவது சொன்னால் நான்கு வருஷக் கணக்கைச் சொல்லுங்கள். ப்ரூஸ் 1960-ல் எழுதிய ஒரு நாவலின் பெயர் 'கல்கத்தாவின் லீலா'. அதை வைத்து 1964-ல் ஆந்த்ரே உனபெல் எடுத்த படத்தில் களம் பாங்காக் ஆகிவிட்டது. தடுப்பு மருந்தில் பிளேக் கிருமியைக் கலந்து இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், நாயகன் போய்த் தடுக்கிறான். 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்து, அது எல்லை தாண்டி நம் பக்கமும் இறங்கியதைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு, பாரிஸில் உட்கார்ந்து நம் கொள்ளைநோயை வைத்து மர்மக் கதை பண்ணியிருக்கிறார்களே என்று லேசான எரிச்சல் வரத்தான் செய்யும்.

உனபெல் பிரான்சிலேயே எல்லோருக்கும் பிடித்தவர் இல்லை. அதே 1964-ல் அவர் 'ஃபாந்தோமாஸ்' எடுத்தார். 1911-லிருந்து பிரெஞ்சு வாசகர்களை நடுங்க வைத்த முகமூடிக் கொலைகாரனின் கதை அது. உனபெல் அதில் லூயி த ஃபுயூனேஸ் என்ற நகைச்சுவை நடிகரைப் போலீஸ் அதிகாரியாக்கி அரங்கைச் சிரிப்பில் குலுக்கினார். கூட்டம் அள்ளியது. நாவலின் இருட்டை விரும்பியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். என் மாமா பாரிஸில் பிறந்திருந்தால் அவர்களோடு நின்றிருப்பார்.

பாங்காக் படம் சேலத்தில் 1966-ல் 'வல்லவன் ஒருவன்' ஆயிற்று. ஜெய்சங்கர், எல். விஜயலட்சுமி. வேதா இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அந்தப் பளிங்கு மாளிகைப் பாட்டு இன்றும் மேடைக் கச்சேரிகளில் கைதட்டல் வாங்குகிறது. கல்கத்தாவை வைத்துப் பிரெஞ்சில் எழுதி, பாங்காக்குக்குப் போய்ப் படமாகி, ஏற்காடு அடிவாரத்தில் தமிழ் பேசி, அங்கிருந்து பெட்டி பெட்டியாகப் பஸ் ஏறித் தருமபுரி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று வந்து தரை டிக்கெட்காரன் மடியில் விழுந்த கதை. அங்கே யாரும் ழான் ப்ரூஸ் யார் என்று கேட்கவில்லை. ஆகவே யாரும் சண்டையும் போடவில்லை. தழுவியதில் எனக்கு மனக்குறை இல்லை, தமிழ்த் துப்பறியும் கதை பிறந்ததே தழுவலில்தான். கடன் கொடுத்தவன் பெயரைச் சொல்லாததுதான் உறுத்துகிறது.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அங்கே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஸ். ரங்கராஜன் என்ற இன்ஜினியர் இருந்தார். பகலில் மின்னணுக் கருவிகள், ராத்திரியில் சுஜாதா என்ற மனைவியின் பெயரில் கதைகள். 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' கணேஷை அறிமுகப்படுத்தியது. வடுவூராரின் சாமியார் வேஷம் போட்டுத் துப்பறிந்தார். கணேஷ் வேஷம் போடுவதில்லை. கேள்வி கேட்பான், யோசிப்பான், அரைப் பக்கத்தில் நறுக்கென்று பேசி முடித்துவிடுவான். தொழிற்சாலைப் பையன்களுக்கு அவன் மேல் ஏன் அத்தனை பிரியம் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. மெஷின் நின்றுபோனால் எங்கே பழுது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது ஒரு ஃபிட்டரின் வேலை. கணேஷும் அதையேதான் செய்தான். மாமா ஒரு தடவை சொன்னார், "அவன் கொலையை ரிப்பேர் பண்றான்டா."

சுஜாதாவின் கதைகள் திரைக்கு வர ஆரம்பித்தது 1977-ல், 'காயத்ரி'யிலிருந்து. அடுத்த வருஷம் 'அனிதா – இளம் மனைவி' நாவல் 'இது எப்படி இருக்கு' என்ற பெயரில் படமாயிற்று. '16 வயதினிலே' படத்தில் ரஜினி சொல்லி ஊரெல்லாம் பரவியிருந்த வசனத்தை இந்தக் கொலைக் கதைக்குத் தலைப்பாக ஒட்டியிருந்தார்கள், அதுவும் ரஜினி இல்லாத படத்துக்கு. அதில் கணேஷாக வந்தவர் ஜெய்சங்கர். பிரெஞ்சு உளவாளிக்குத் தமிழ் முகம் கொடுத்த அதே மனிதர் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெங்களூர் இன்ஜினியரின் வக்கீலுக்கும் முகம் கொடுத்தார். என்னைக் கேட்டால் கணேஷுக்கு வாய்த்தவர்களில் ஓரளவு பொருந்தியவர் அவர்தான். கோட்டு அவருக்கு உடம்போடு வந்தது.

அதே 1978 டிசம்பரில் 'ப்ரியா' வெளியானது. இயக்கம் எஸ்.பி. முத்துராமன், திரைக்கதை பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா. ப்ரியா ஸ்ரீதேவி, கணேஷ் ரஜினிகாந்த். லண்டன் சிங்கப்பூரானது, கூடவே மலேசியாவும் சேர்ந்தது. மலேசிய நடிகை அஸ்னா ஹமீத் கணேஷுக்கு ஜோடியானார். நாவலில் ஆபத்தில் இருக்கும் ஒரு நடிகையைக் காவல் காக்கப் போகிற வக்கீல், படத்தில் பாடினார், காதலித்தார், பறந்து பறந்து அடித்தார். பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின, தமிழில் அதுவே முதல் முயற்சி என்பார்கள். எங்கள் கொட்டகையில் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பீக்கர். இளையராஜா இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்ததை எங்கள் ஆபரேட்டர் திரும்ப ஒன்றாகக் குழைத்து ஊற்றினார். அப்படியும் யேசுதாஸ் குரல் கேட்டதும் பெஞ்சு, தரை எல்லாம் அடங்கிப்போனது நினைவிருக்கிறது.

எல்லைப் பக்கத்துக் காரம் என்றேனே, அது இங்கேதான். 'ப்ரியா' இரண்டு மொழிகளில் எடுத்த படம். கன்னடப் 'ப்ரியா' 1979-ல் வந்தது. அறுபதுகளில் கிளம்பிய மொழிப் போராட்டத்தின் விளைவாகக் கர்நாடகத்தில் அப்போது வேற்று மொழிப் படத்தைக் கன்னடத்தில் டப்பிங் செய்து ஓட்ட முடியாத நிலை இருந்தது. சட்டம் ஒன்றும் இல்லை, திரைத்துறையின் கட்டுப்பாடு. ஆனால் சட்டத்தைவிட இறுக்கமாக இருந்தது. பெங்களூர் வசூல் கன்னடத்திலும் வேண்டும் என்றால் கன்னடத்திலேயே எடுத்தாக வேண்டும். ப்ரியாவின் காதலனாக மண்டியா சீமையின் அம்பரீஷ் வந்ததைத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் "யாரப்பா இந்த ஆள்" என்று பார்த்தன. ஓசூரில் அப்படி யாரும் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பெங்களூரில் அவர் படங்களைப் பார்த்துவிட்டு ராத்திரி வண்டியில் திரும்புகிறவர்கள்தானே நாம்.

நாயகனோ பெங்களூரில் பிறந்து, அங்கேயே பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய முன்னோர்களின் ஊர் நாச்சிக்குப்பம். வேப்பனப்பள்ளிப் பக்கம், நம் மாவட்டத்துக்குள். எழுதியவர் பெங்களூர்வாசி, நடித்தவரின் வேர் கிருஷ்ணகிரிச் சீமை, படம் இரண்டு மொழி. இந்த வட்டாரம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு உரிமை உள்ள படம் வேறு இல்லை. அப்படிப்பட்ட படத்தில் கணேஷைக் காணவில்லை என்பதுதான் மாமாவின் ஆத்திரம். பக்கத்து வீட்டுக்காரனே இப்படிப் பண்ணிவிட்டானே என்கிற மாதிரி.

சுஜாதாவுக்கும் அது இனிக்கவில்லை. தன் கதைகள் திரையில் பட்ட பாட்டைப் பிற்காலத்தில் கேலியாக எழுதியிருக்கிறார். கேலியோடு நிறுத்திக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். பஞ்சு அருணாசலத்தோடு விரோதம் பாராட்டவில்லை, சினிமாவை விட்டும் ஓடவில்லை. 1986-ல் 'விக்ரம்', அதற்குப் பிறகு ஷங்கர், மணிரத்னம் என்று எழுதிக்கொண்டே போனார். வாசகர்கள்தான் அவர் சார்பில் கோபத்தைச் சுமந்தார்கள்.

அந்தக் கோபம் நியாயமா? இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

களம் மாறியதற்காகக் கோபப்படுவது வீண். மறுபடி பிரான்சுக்குப் போகலாம். அங்கே புவாலோ, நார்ஸழாக் என்று இரண்டு பேர் சேர்ந்து மர்ம நாவல் எழுதினார்கள், நம் சுபா இரட்டையர் போல. 1952-ல் அவர்கள் எழுதிய நாவலில் கணவனும் காதலியும் கூட்டுச் சேர்ந்து மனைவியைக் கொல்கிறார்கள். ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ 1955-ல் அதை 'லே தியாபோலிக்' என்று படமாக்கியபோது கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மனைவியும் காதலியும் கூட்டு, சாவது கணவன். நடுத்தர வீட்டுக் கதை ஒரு பாழடைந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பின்னால் 'புதிய அலை' என்று பெயரெடுத்த இளம் விமர்சகர்களுக்கு க்ளூஸோவைக் கண்டாலே ஆகாது; மனிதர்களைப் பொம்மைபோல் ஆட்டுகிறார் என்பார்கள். ஆனால் முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று படத்தின் கடைசியில் எழுத்துப் போட்டு அவர் கெஞ்சியதும், ஜனங்கள் வரிசையில் நின்றதும் உண்மை.

அந்த இரட்டையரின் இன்னொரு நாவல் 1954-ல் வந்தது. பாரிஸிலும் மார்செயிலும் யுத்த காலத்தில் நடக்கிற கதை. ஹிட்ச்காக் அதை அப்படியே தூக்கிச் சான்பிரான்சிஸ்கோவில் வைத்தார். நாவல் கடைசிவரை பொத்தி வைத்த ரகசியத்தைப் படத்தின் நடுவிலேயே போட்டு உடைத்தார். 1958-ல் வந்தபோது விமர்சகர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த 'வெர்டிகோ'வைத்தான் 2012-ல் உலக விமர்சகர்கள் கூடி எல்லாக் காலத்துக்கும் முதல் படம் என்று தேர்ந்தெடுத்தார்கள். பாரிஸ் சான்பிரான்சிஸ்கோ ஆகலாம் என்றால் லண்டன் சிங்கப்பூர் ஆகக் கூடாதா? அதிலும் தமிழனுக்குச் சிங்கப்பூர் என்பது யாரோ ஒரு சொந்தக்காரர் இருக்கிற வெளிநாடு. இந்த விஷயத்தில் நான் அத்தை கட்சி.

ஆனால் க்ளூஸோவும் ஹிட்ச்காக்கும் ஊரை மாற்றினார்கள், ஆளை மாற்றினார்கள், முடிச்சை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஹிட்ச்காக் ரகசியத்தை முன்னாலேயே உடைத்தது, அதைவிட இறுக்கமான இன்னொரு முடிச்சைப் போட. 'ப்ரியா'வில் முடிச்சைப் பற்றிய கவலையே யாருக்கும் இல்லை. கணேஷ் யோசிக்கிற ஒரு காட்சியாவது நிதானமாக இருந்திருந்தால் மாமா பாதிச் சண்டையோடு விட்டிருப்பார். 1950-ல் நம்பியாருக்கு மீசை ஒட்டினார்கள். 1978-ல் ரஜினிக்குச் சண்டைக் காட்சி கொடுத்தார்கள். இரண்டிலும் மூளைக்கு வேலை இல்லை. படம் நன்றாக ஓடியது, பாட்டுக்காகவும் ரஜினிக்காகவும் ஸ்ரீதேவிக்காகவும். ஓடட்டும். துப்பறியும் படம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன்.

அப்போது ஓசூர் சிப்காட் வளர ஆரம்பித்திருந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து கிளம்பியது, அசோக் லேலண்டும் அங்கே ஆலை திறந்தது, பிறகு டைட்டன். தெற்கு ஜில்லாக்களிலிருந்து வந்த பையன்கள் மூன்று ஷிப்டு பார்த்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் பாக்கெட் அளவில் கைமாறினார்கள். படிக்கிறவர்கள் பெருகினார்கள், கணேஷைத் தேடுகிறவர்களும் பெருகினார்கள். சினிமா மட்டும் கணேஷை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொள்ளவே இல்லை. தொலைக்காட்சி முயன்றது. அது வேறு கதை.

மாமா இப்போது இல்லை. காலண்டர் அட்டை போட்ட 'ப்ரியா' என்னிடம் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தின் கீழே, படம் பார்த்த ராத்திரி எழுதியதோ என்னவோ, பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை: 'சிங்கப்பூராம்!'

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1978-79-ல் உங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம், வண்டியில் மேளத்தோடு வீசிய நோட்டீஸ், டிக்கெட் துண்டு, தமிழிலோ கன்னடத்திலோ எதுவானாலும் பரண் மேல் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் பிடித்துக் கொட்டகையின் பெயரோடும் ஊரோடும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரம், ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யைப் படமெடுக்க அவர் பிறந்த தொரப்பள்ளிக்கே கேமராவோடு வந்தவர்களின் கதை.

(தொடரும்)